வானத்தில் ஒரு சாம்பல் கட்டம்

எங்கள் அச்சகம் போட்ட 2024 மாதக் காலண்டரில், ஜனவரித் தாளில் இருந்த வியாழன் கிரகம் நான் எடுத்த படம். சிவகாசியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், எட்டு அங்குல டெலஸ்கோப்பில் கறுப்பு வெள்ளை கேமரா மாட்டி, சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்களை மாற்றி மாற்றி எடுத்தது. ஆயிரம் பிரதி ஓடியது. பிளேட்டுக்கு ஃபைல் போட்டுக் கொடுத்தவனும் நான்தான். அந்தப் படத்தின் நிறம் தப்பு.

அதைச் சொன்னவர் ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் ஒருவர். பொங்கல் லீவில் பேரனைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, பால்ல ஒரு சொட்டு டிக்காஷன் விட்ட மாதிரில்ல இருக்கு? உங்க காலண்டர்ல ஏன் நீலம் பாஞ்சிருக்கு?" என்று கேட்டார். இருபது வருஷமாகக் கலர் பார்த்துச் சம்பாதிக்கிறவன் நான். அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை.

வழக்கமான வேலைகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கண்ணாடிகளை நேராக்குங்கள், குழாயை ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள், ஃபில்டர் மாற்றும்போதெல்லாம் ஃபோகஸ் பாருங்கள், ஒரு நிறத்துக்கு அறுபது விநாடி வீடியோ எடுங்கள். வியாழன் 9 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றிவிடும். மூன்று நிறம் எடுத்து முடிப்பதற்குள் ரெஜிஸ்டர் விலகிவிடும் என்பதால் வின்ஜூபோஸ் மென்பொருளில் சுழற்சியைச் சரிக்கட்டுங்கள். அவ்வளவுதான்.

என்னைக் கவிழ்த்தது வேறு. நீல ஃபில்டரில் படம் இருட்டாக வந்தது. எக்ஸ்போஷரைக் கூட்டினேன். மூன்று நிறமும் ஹிஸ்டோகிராமில் ஒரே உயரத்துக்கு வரும்வரை கூட்டினேன். அதோடு நிற்காமல், வீடியோவை அடுக்கும்போது எல்லாவற்றையும் 75 சதவீத வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் கட்டத்திலும் டிக் போட்டேன். நீலம் குறைவதற்கு மூன்று காரணம் உண்டு. நீலத்தில் கேமராவுக்கு உணர்திறன் குறைவு. காற்று நீலத்தைச் சிதறடித்துவிடும். மூன்றாவது, வியாழனே சூரிய ஒளியில் நீலத்தைக் குறைத்துத்தான் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் அதற்குப் பாலாடை நிறம். முதல் இரண்டையும் ஈடுகட்ட வேண்டும், மூன்றாவதைத் தொடக் கூடாது. நான் மூன்றையும் சேர்த்து நிரப்பிவிட்டேன். கிரகத்தின் சொந்த நிறத்தையே துடைத்துவிட்டேன்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அச்சில் சயானையும் மெஜந்தாவையும் யெல்லோவையும் சம அளவில் போட்டால் சாம்பல் வராது, பழுப்படிக்கும். சயான் 50 என்றால் மற்ற இரண்டும் 40 என்ற கணக்கில் போட்டால்தான் சாம்பல். தாளின் ஓரத்தில் அந்தச் சாம்பல் கட்டத்தைப் பார்க்காமல் மெஷினை ஓட்ட விடமாட்டேன். மாடிப்படி ஏறியதும் அதை எப்படி மறந்தேன்?

வானத்திலும் ஒரு சாம்பல் கட்டம் இருக்கிறது. வியாழன் திருப்பி அனுப்புவது சூரிய ஒளி என்பதால், சூரியனைப் போன்ற நட்சத்திரம்தான் அது. 2024 டிசம்பர் 7ஆம் தேதி வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வந்தது. அந்தப் பருவத்தில் நான் பிடித்தது கை ஒன் ஓரையானிஸ். ஓரையனின் தூக்கிய கைப் பக்கம் இருப்பது, வெறும் கண்ணுக்குத் தெரிவது. சூரியனைவிடச் சற்றே சூடு அதிகம், ஆனாலும் நம் வேலைக்குப் போதும். வியாழனை எடுத்தபோது கிரகம் இருந்த உயரத்துக்கு இந்த நட்சத்திரம் வரும்வரை காத்திருந்தேன். ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்து, மூன்று ஃபில்டரிலும் ஒரே கெயின், ஒரே எக்ஸ்போஷரில் எடுத்தேன். பின்னணியைக் கழித்து, ஒவ்வொரு ஃபில்டரிலும் கிடைத்த மொத்த வெளிச்சத்தைக் கணக்கிட்டு, மூன்றுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தேன். அந்த விகிதத்தில் கேமராவும் ஃபில்டரும் காற்றும் அடங்கிவிடும். கிரகத்தையும் மூன்று ஃபில்டரிலும் ஒரே எக்ஸ்போஷரில் எடுத்து, அந்த விகிதத்தால் வகுத்தால் மிச்சம் இருப்பது கிரகத்தின் நிறம். எனக்கு வந்த எண்களை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அப்படியே போட்டுக்கொள்வீர்கள். அன்றன்றைக்கு அளக்க வேண்டும். நம் ஊரில் தீபாவளிக்கும் கோவில் கொடைக்கும் கிளம்பும் வெடிப்புகையில் நேற்றைய எண் இன்றைக்கு உதவாது. கிரகம் முப்பது டிகிரி உயரத்தில் இருந்தாலே, உச்சியைப் போல இரண்டு மடங்கு காற்றைத் தாண்டி ஒளி வருகிறது.

ஃபில்டர் வாங்கும்போது அகச்சிவப்பைத் தடுக்குமா என்று கேளுங்கள். எனக்கு விற்றவர் சொல்லவில்லை. என் நீல ஃபில்டர் அகச்சிவப்பை உள்ளே விட்டது. நீலத்தில் படம் இவ்வளவு கூர்மையா என்று நானும் மகிழ்ந்துபோயிருந்தேன்.

"பேசாம ஒரு கலர் கேமரா வாங்கியிருக்கலாம்" என்றார்கள் நண்பர்கள். அதில் ஒரு பிக்சல் ஒரு நிறத்தைத்தான் பிடிக்கும். மற்ற இரண்டும் பக்கத்துப் பிக்சல்களை வைத்துப் போடும் ஊகம். அந்த 75 சதவீத டிக்கை அங்கே போட்டிருந்தாலும் இதே தப்புதான் வந்திருக்கும். இன்னொருவர், "நாசாவே நிறத்தைக் கூட்டித்தானே போடுது" என்றார். உண்மைதான். 1989இல் வாயேஜர் 2 எடுத்த நெப்டியூனை அடர்நீலமாகவே பார்த்து வளர்ந்தோம். 2024இல் ஆக்ஸ்போர்டின் பேட்ரிக் இர்வின் குழு திரும்பக் கணக்குப் போட்டது. நெப்டியூனும் யுரேனஸைப் போல வெளிர் பச்சைநீலம்தான், ஒரு துளி நீலம் கூடுதல். ஆனால் 1989 படங்களோடு நிறம் கூட்டியது என்ற குறிப்பு இருந்தது. காலப்போக்கில் குறிப்பு உதிர்ந்து படம் மட்டும் நின்றுவிட்டது. என் காலண்டரில் குறிப்பே இல்லை.

2026 காலண்டருக்குப் புதுப் படம் போனது. புரூஃப் பார்த்த முதலாளி, "பழசு எடுப்பா இருந்துச்சேப்பா, நீலத்தை லேசா ஏத்தேன்" என்றார். "வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். படத்துக்குக் கீழே ஆறு பாயின்ட் எழுத்தில் அந்த நட்சத்திரத்தின் பெயரையும் எடுத்த தேதியையும் சேர்த்தேன். முதல் பிரதியை வாத்தியார் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.