ஊரில் வீடு வாங்குமுன்

கடல் கடந்து வந்து கடை நடத்தும் நம்மவரில், தாயகத்தில் ஒரு வீடு வாங்க எண்ணாதவர் வெகு சிலரே. ஊரிலிருந்து மச்சான் பேசுகிறார்: "நல்ல வீடு, வில்லங்கமே இல்லை, உடனே அச்சாரம் அனுப்புங்கள்." நாமும் வில்லங்கச் சான்றிதழைப் பார்த்துத் திருப்தியடைகிறோம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் பதிவான பத்திரங்களைத்தான் அச்சான்றிதழ் காட்டும். ஒருவர் மௌத்தானதுமே அவர் சொத்து ஷரீஅத் முறைப்படி வாரிசுகளைச் சேர்ந்துவிடுகிறது. அதற்குப் பத்திரமும் வேண்டியதில்லை, பதிவும் வேண்டியதில்லை. ஆகவே அது சான்றிதழில் ஏறாது.

நாம் வியாபாரிகள், கணக்காகவே பார்ப்போமே. பெற்றோரை முன்பே இழந்த ஒருவர் மனைவியையும், இரண்டு ஆண்மக்களையும், ஒரு மகளையும் விட்டு மௌத்தாகிறார். வீட்டை 40 பங்காக வைத்தால் மனைவிக்கு 5, ஆண்மக்கள் ஒவ்வொருவருக்கும் 14, மகளுக்கு 7. பட்டா மூத்தவர் பேரில் மாறியிருக்கலாம். அதனால் மற்றவர் உரிமை போய்விடாது. அண்ணனும் தம்பியும் மட்டும் கையெழுத்திட, நீங்கள் முழுக்கிரயம் கொடுத்தால் வாங்கியது 28 பங்குதான். "தங்கச்சி ஒன்றும் சொல்லமாட்டாள்" என்பார்கள். அவள் சொல்லாவிட்டாலும் நாளை அவள் பிள்ளைகள் பாகம் கேட்டு வழக்குப் போடலாம். அவர்கள் மேல் குற்றமில்லை. அது அவர்கள் ஹக்கு.

இன்னொன்று: நம்மவருக்குள் வாய்மொழியாக ஹிபா கொடுத்து, சொத்தையும் கையில் ஒப்படைத்துவிட்டால் அது செல்லும். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் மகளுக்கு வீடு கொடுப்பது நெடுங்கால வழக்கம். எனவே நம்பிக்கையான ஒருவரை அனுப்பி, வீட்டில் குடியிருப்பவர் யார், என்ன உரிமையில் இருக்கிறார் என்று விசாரியுங்கள். குடியிருப்பவரின் உரிமை வாங்குபவருக்குத் தெரியும் என்றே சட்டம் கொள்கிறது. "தெரியாமல் வாங்கிவிட்டேன்" என்ற பேச்சு எடுபடாது.

மூலப்பத்திரத்தில் பேர் உள்ளவர் காலமாகியிருந்தால் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் உள்ள அனைவரும், கட்டிக்கொடுத்த பெண்மக்கள் உட்பட, கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளையின் பங்குக்குத் தாயார் கையெழுத்துப் போதாது. கோர்ட்டு அனுமதி வேண்டும்.

பதிவுக்கு நேரில் போக இயலாதவர் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் பவர் எழுதி, இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பலாம். இந்தியாவுக்குச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டவேண்டும். விற்பவர் தரப்பில் பவர் காட்டினால், எழுதிக்கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா என்று பாருங்கள். அவர் இறந்தால் பொதுவாகப் பவரும் முடிந்துவிடும். பவர் பத்திரம் மட்டும் கையில் இருந்தால் வீடு சொந்தமாகாது என்று இந்திய சுப்ரீம் கோர்ட்டு 2011-ல் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது.

இந்தியப் பாஸ்போர்ட்டோ ஓ.சி.ஐ. அட்டையோ உள்ளவர் வீடு, கடை வாங்கலாம். வயலும் தோப்பும் வாங்க முடியாது. இரண்டும் இல்லாத இந்நாட்டுப் பிரஜை இங்கிருந்தபடி அங்கே வீட்டைக் கிரயம் பெற அனுமதியில்லை. மச்சான் பேரில் வாங்கிவைப்பதைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமா?

பணத்தை உண்டியலில் அனுப்பாமல் பேங்க் வழியாகவே செலுத்துங்கள். அந்த ரசீதுகளை ஊர்ப் பெட்டியில் போடாமல் இங்கே உங்கள் கைவசம் வைத்திருங்கள்.