ஜீப் ஏறலாம், கேம் செய்யக் கூடாதா?

போடிநாயக்கனூர் அரசுப் பொறியியல் கல்லூரி 2012-ல் வந்தது. அங்கே கணினிப் பிரிவில் படிக்கிற பெண், “கேம் செய்யுற கம்பெனிக்கு வேலைக்குப் போறேன்” என்று வீட்டில் சொன்னால் என்னென்ன பதில் வரும்?

நம்பிக்கை: “அது ஆம்பளப் பிள்ளைக சமாச்சாரம்.”

உண்மை: விளையாடுகிறவனைப் பார்த்துவிட்டு, செய்கிறவரும் அவனே என்று முடிவுகட்டுவதால் வரும் கோளாறு. கரோல் ஷா 1978-லேயே அட்டாரி நிறுவனத்தில் சேர்ந்தவர். ஆக்டிவிஷன் நிறுவனத்துக்காக 1982-ல் அவர் எழுதிய ‘ரிவர் ரெய்டு’ கேம் முழுதும் 4 கிலோபைட்டுக்குள் அடங்கியது. வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படமே அதைவிடப் பல மடங்கு பெரிது. விமானம் பறக்கும் ஆற்றைப் படமாகச் சேமிக்க அதில் இடம் ஏது? ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண் பிறக்கும்படி ஒரு கணக்கை எழுதி, ஆடும்போதே ஆற்றை வரையவைத்தார். கணக்கு மாறாததால் எத்தனை முறை ஆடினாலும் அதே கரை, அதே தீவு. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘சென்டிபீட்’, எட் லாக்குடன் சேர்ந்து டோனா பெய்லி செய்தது.

பிறகுதான் வீடியோ கேமைப் பையன்களின் பொம்மையாக விளம்பரம் செய்து விற்றார்கள். கேம் உருவாக்குவோரின் பன்னாட்டுச் சங்கம் 2005-ல் எடுத்த கணக்கில் பெண்கள் 11.5 சதவீதம், 2021-ல் 30.

நம்பிக்கை: “கோடிங்ல புலியா இருக்கணும்.”

உண்மை: படம், இசை, கதை, சோதனை என்று பல வேலைகள் உண்டு. புனேயில் உருவாகி 2020-ல் வெளியான ‘ராஜி’ விளையாட்டின் நாயகி ஒரு சிறுமி. அதன் காட்சிகளுக்குப் பொறுப்பு, அதை உருவாக்கிய நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ருதி கோஷ். பூர்ணிமா சீதாராமன் கோடிங்கில் தொடங்கி வடிவமைப்புக்கு வந்தவர். ‘விமன் இன் கேம்ஸ்’ அமைப்பின் புகழ்ப்பட்டியலில் 2020-ல் இடம்பெற்ற முதல் இந்தியர்.

நம்பிக்கை: “அங்க பொம்பளைகளுக்கு மரியாதை இருக்காதாம்.”

உண்மை: இதை மட்டும் முழுப்பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ செய்த ரயட் கேம்ஸ், பெண் ஊழியர்கள் தொடுத்த பாலினப் பாகுபாட்டு வழக்கை முடிக்க 2021 டிசம்பரில் 10 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஆனால் கோளாறு நிர்வாகத்தில் இருக்க, பெண்ணை வீட்டில் உட்காரவைப்பது என்ன வைத்தியம்?

நம்பிக்கை: “ராத்திரி பகல்னு வேலை, அதுவும் வெளியூரு. எப்படி அனுப்புறது?”

உண்மை: ஒரு கேம் வெளியாகும் நாள் நெருங்கினால் வேலைநேரம் நீளும், அது ஆணுக்கும் சேர்த்துத்தான். ஆனால் போடியில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பதுதான் வேடிக்கை. இருட்டு பிரியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து, கொண்டை ஊசி வளைவுகளில் போடிமெட்டு ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஏலம் தூரடியில் தரையோடு சரம்விடும் பயிர். முற்றிய காயை மட்டும் பார்த்து எடுக்க நாளெல்லாம் குனிந்தே நிற்கவேண்டும். அட்டையும் மழையும் தனி. தினமும் மாநில எல்லை தாண்டும் அவர்களை “எப்படி அனுப்புறது” என்று இந்த ஊர் கேட்டதாகத் தெரியவில்லை. வெளியூர் என்றாலும், சென்னைக்கு 2023 ஜூனிலிருந்து நேரடி ரயிலே இருக்கிறது.

சரி, வேலை கிடைக்க என்ன வழி? வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பட்டத்தோடு நிற்பதில்லை. செய்து முடித்த கேம் ஒன்றைக் காட்டச் சொல்வார்கள். அதற்கு வேண்டிய கோடோ, பிளெண்டர் மென்பொருள்கள் இரண்டும் இலவசம். ஒரு நிமிடம் ஓடுகிற கேமாக இருந்தாலும் சரி, பாதியில் நிற்கக் கூடாது.