காந்தத்தால் படம் பிடித்த வேதியியல் பேராசிரியர்

எம்.ஆர்.ஐ. ஸ்கேனைக் கண்டுபிடித்தவர் ஒரு டாக்டராகத்தான் இருப்பார் என்று பலரும் நினைக்கிறார்கள். அதற்கு வழி திறந்தவர் ஒரு வேதியியல் பேராசிரியர்! பெயர் பால் லாட்டர்பர். 1929-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிறந்து, 1963 முதல் 1985 வரை ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்.

அவருடைய துறை அணுக்காந்த ஒத்ததிர்வு, அதாவது என்.எம்.ஆர். தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனின் அணுக்கரு ஒரு குட்டிக் காந்தம். பலமான காந்தப்புலத்தில் வைத்தால், தலையாட்டுகிற பம்பரம் மாதிரி சுற்றும். 1 டெஸ்லா புலத்தில் அதன் அதிர்வெண் சுமார் 42.6 மெகாஹெர்ட்ஸ். அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, பிறகு சிக்னலாகத் திருப்பித் தரும். புலம் கூடினால் அதிர்வெண்ணும் கூடும். இந்த ஒன்றை மட்டும் மனசில வச்சுக்குங்க, மத்ததெல்லாம் இதிலிருந்துதான் வருது.

என்.எம்.ஆர். செய்கிறவர்களுக்குப் புலம் ஒரே சீராக இருக்கணும். கொஞ்சம் ஏறி இறங்கினாலும் சிக்னல் அகலமாகி, எந்தப் பொருள் என்று சொல்ல முடியாது. புலத்தைச் சீராக்குவதே அங்கே பெரிய வேலை.

1971 செப்டம்பரில், பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஒரு சோதனையை லாட்டர்பர் பார்த்தார். எலியின் கட்டியை வெட்டியெடுத்து, அதன் சிக்னலை அளந்தார்கள். வெட்டாமலே, உடம்புக்குள் எந்த இடத்திலிருந்து சிக்னல் வருதுன்னு சொல்ல முடியுமா? அன்று சாயங்காலம் ஹோட்டலில் சாப்பிடும்போது விடை கிடைத்தது. புலத்தை வேண்டுமென்றே சாய்த்துவிடு! ஒரு பக்கம் குறைவு, மறுபக்கம் அதிகம். அப்போது இடத்துக்கு இடம் அதிர்வெண் மாறும். அந்த அதிர்வெண்ணே முகவரி! எல்லோரும் குறை என்று ஒதுக்கியதைத்தான் அவர் கருவியாக எடுத்துக்கொண்டார்.

சோதனைக்குப் பெரிய செலவில்லை. கனநீர் ஊற்றிய கண்ணாடிக் குழாய்க்குள், சாதாரண தண்ணீர் நிரப்பிய 1 மி.மீ. குழாய்கள் இரண்டு. கனநீர் அந்த அதிர்வெண்ணில் பதில் சொல்லாது. நான்கு திசைகளிலிருந்து சிக்னல் எடுத்துச் சேர்த்ததும், இரண்டு குழாயும் இரண்டு திட்டுகளாகத் தெரிந்தன. 'நேச்சர்' பத்திரிகை முதலில் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. படம் தெளிவில்லையாம்! அவர் விடவில்லை, வாதாடினார். 1973 மார்ச்சில் அதே பத்திரிகையில் வெளிவந்தது.

காப்புரிமை வாங்கினால் செலவுக்குக்கூட வராது என்று பல்கலைக்கழகம் விட்டுவிட்டது. (என்ன கணக்கோ!) 2003-ல் பிரிட்டனின் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டோடு நோபல் பரிசு கிடைத்தது. கட்டியின் சிக்னல் வேறுபடும் என்று 1971-ல் எழுதிய டாக்டர் டமடியன், தன்னை விட்டுவிட்டார்கள் என்று செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரமே கொடுத்தார். அதுவும் பெரிய விஷயம்தான். ஆனால் படம் வர வேண்டுமானால் சாய்ந்த புலம் வேணும் என்பது என் கருத்து.

லாட்டர்பர் தன் முறைக்கு 'ஜூக்மேட்டோகிராபி' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'ஜூக்மா' என்றால் பிணைப்பு, நுகத்தடி. காந்தப்புலத்தையும் ரேடியோ அலையையும் ஒரே நுகத்தில் பூட்டியதால் அந்தப் பெயர். வாயில் நுழையாத பெயர் என்பதாலோ என்னவோ, அது நிலைக்கவில்லை.