கைகள் அறியாததைக் கருவி சொல்லும்



மருத்துவமனை ஊழியர்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பில், சாப்ளின்களாகிய நாங்களும் ஒரு பொம்மையின் முன் முழங்காலிட்டு மார்பை அழுத்தப் பழகினோம். நன்றாகவே அழுத்துகிறோம் என்று எண்ணியிருந்தோம். இரண்டாவது நிமிடத்தில், அருகிலிருந்த கருவியைப் பார்த்த இளம் தாதி, "ஐயா, ஆழம் குறைஞ்சிடுச்சு" என்றார். எங்கள் கைகளுக்கு அது தெரியவேயில்லை! இம்முறை நாம் கற்றுக்கொள்ளும் பாடம் அதைக் குறித்ததே.

1. அளவு என்ன?

இருதயம் திடீரென நின்றுபோனவருக்கு, அருகிலிருப்பவருடைய கைகளே சில நிமிடங்கள் இருதயமாக வேலை செய்கின்றன. மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்து அழுத்தும் இம்முறையை, 1960-ஆம் ஆண்டு பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும் வெளியிட்டனர். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஆழம் 5 செ.மீ.க்குக் குறையலாகாது, 6 செ.மீ.க்கு மிஞ்சவும் கூடாது. ஒவ்வொரு முறையும் மார்பு முழுவதும் மேலெழும்ப விட வேண்டும். அப்போதுதான் இருதயத்தில் இரத்தம் மறுபடியும் நிரம்பும்.

2. வெளிப்பட்ட குறை

ஸ்டாக்ஹோம், லண்டன், நார்வேயின் ஆக்கர்ஷூஸ் ஆகிய இடங்களில் ஆம்புலன்ஸ் ஊழியர்களின் பணி கருவிகளால் அளக்கப்பட்டு, முடிவு 2005-இல் வெளியானது. சராசரி ஆழம் 34 மி.மீ. மட்டுமே. இரத்த ஓட்டம் நின்றிருந்த நேரத்தில் ஏறக்குறைய பாதியளவு, அழுத்தமே நடைபெறவில்லை. அதே ஆண்டு சிகாகோவின் ஒரு மருத்துவமனையிலும் இப்படிப்பட்ட குறைகள் காணப்பட்டன. இவர்கள் சோம்பேறிகள் அல்ல, பயிற்சி பெற்றவர்கள். ஆனால் பதற்றத்திலும் களைப்பிலும் தன் கை தளர்வதை ஒருவர் தாமே உணர்வது அரிது.

3. கருவி செய்வது என்ன?

கைக்கும் மார்புக்கும் நடுவே ஒரு சிறு வில்லை வைக்கப்படுகிறது. அது தன் அசைவை அளந்து, அழுத்தத்தின் ஆழத்தையும் வேகத்தையும் கணக்கிடுகிறது. குறைந்தால் திரையில் காட்டும். சில கருவிகள் குரல் கொடுத்தே திருத்தும். இத்தகைய கருவிகளைப் பெரியவர்களுக்கு மார்பை அழுத்தக் கற்பிக்கும் தன் பயிற்சிகளில் பயன்படுத்துவதை, அமெரிக்க இருதயச் சங்கம் 2019 முதல் கட்டாயமாக்கியது.

4. கருவியின் எல்லை

கருவி வந்துவிட்டதால் எல்லாரும் பிழைப்பார்கள் என்று நாம் சொல்லமாட்டோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. அழுத்தம் திருந்தியது, பிழைத்தவர்களின் தொகையோ உயரவில்லை. 2019-இல் வெளியான ஈரான் நாட்டு ஆய்விலோ, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பிழைத்து வீடு திரும்பியோர் அதிகரித்தனர். ஆக, முடிவு இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. மேலும், நோயாளி மெத்தையில் படுத்திருந்தால், மெத்தை அமிழ்வதையும் சாதாரணக் கருவி ஆழமாகக் கணக்கிட்டுவிடும். எனவே கூடுமானவரை முதுகின்கீழ் கடினமான பரப்பு இருப்பது நல்லது. கருவியையும் விசாரித்தே நம்ப வேண்டும் அல்லவா?

5. நமக்குரிய பாடம்

நம் வீட்டில் இக்கருவி இராது. ஆயினும் அதன் வேலையை ஒரு மனிதர் ஓரளவு செய்யலாம். ஒருவர் நினைவிழந்து, இயல்பாக மூச்சு விடாமல் கிடந்தால், உடனே ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லிவிட்டு அழுத்தத் தொடங்குங்கள். மற்றொருவர் பக்கத்தில் நின்று உரக்க எண்ணட்டும். வேகம் குறைந்தால் சொல்லட்டும். 2 நிமிடங்களுக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். "எனக்குக் களைப்பில்லை" என்று சொல்லுகிறவரும் மாறத்தான் வேண்டும்.

திருத்துகிறவர் வயதில் இளையவராயிருக்கலாம். அவர் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். நாமும் முகம் சுளிக்க வேண்டாம். நம் மதிப்பைக் காத்துக்கொள்ளும் நேரம் அதுவல்ல. தரையில் கிடப்பவருடைய உயிரைக் காக்கும் நேரம். அந்தத் தாதி சொன்னபின் நாங்கள் மறுபடியும் அழுத்தினோம். ஆழம் சரியானது.