புயல் ரமளானுக்காகக் காத்திருக்குமா?



2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், வெள்ளிக்கிழமை. நள்ளிரவு கடந்த வேளையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கஜா புயல் கரை ஏறியது. அதிராம்பட்டினத்தில் காற்றின் வேகம் மணிக்கு 111 கிலோமீட்டர் எனப் பதிவாயிற்று. சுபுஹுத் தொழுகைக்குப் புறப்பட்டவர்களுக்குத் தம் தெருவே அடையாளம் தெரியவில்லை. ஓடுகள் இல்லை, மின்கம்பங்கள் இல்லை, வீடுகளுக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாக நின்ற தென்னைகள் ஒரே திசையில் தலைசாய்த்துக் கிடந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை வட்டாரம் முழுவதும் இதே காட்சிதான். மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் கரைகளில் மீனவர்களின் படகுகள் ஒன்றோடொன்று மோதிச் சிதைந்து கிடந்தன.

அந்த வாரத்தில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹவுளருகே அமர்ந்திருந்தோம். வயதில் மூத்த தோப்புக்காரர் ஒருவர் அருகில் வந்தார். ஆண்டுதோறும் ரமளானில் அவர் வீட்டு வாசலில் ஏழைகள் வரிசையாக நிற்பதை ஊரே அறியும்.

"ஆலிம்ஸா, ஒரு மஸ்அலா கேக்கணும். எனக்கு இல்லெ, சும்மா தெரிஞ்சுக்கத்தான். போன வருசம் வரைக்கும் ஜகாத் குடுத்தவன், இந்த வருசம் வாங்கலாமா?"

"எனக்கு இல்லெ" என்று அவர் சொல்லும்போதே அவர் கண்கள் தரையைப் பார்த்தன. நாமோ, "சபூர் செய்யுங்கள் காக்கா, அல்லாஹ் வழிவிடுவான்" என்று மட்டும் சொன்னோம். அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். நாம் சொன்னது பிழையன்று. ஆயினும் அவர் கேட்டது மஸ்அலா. நாம் கொடுத்தது ஆறுதல். அன்றிரவு விளக்கு வெளிச்சத்தில் கிதாபைத் திறந்தபோதுதான், நம் இமாம்கள் இந்தக் கேள்விக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தெளிவாக விடை எழுதி வைத்திருப்பது நினைவுக்கு வந்து வெட்கப்பட்டோம். அந்த விடையையும், அதனுடன் சேர்ந்த சில மஸ்அலாக்களையும், பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபை ஒட்டி, இங்கே எழுதுகிறோம்.

தோப்புக்குச் சொந்தக்காரர் வாங்கலாமா?

ஜகாத்தைப் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைத் திருமறையின் தவ்பா அத்தியாயம், 60ஆம் வசனம் எண்ணிக் காட்டுகிறது. முதல் இரு வகையினர் பக்கீர்களும் மிஸ்கீன்களும். பக்கீர் என்றால் கிழிந்த ஆடையுடன் தெருவில் நிற்பவர் என்று மட்டுமே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். அது சரியன்று. நிலமோ தோப்போ இருந்தும், அதன் வருமானம் தம் குடும்பத்தின் செலவுக்குப் போதாதவர், போதாத அளவுக்கு ஜகாத் பெறலாம். குடியிருக்கும் வீட்டையோ பிழைப்புக்கான நிலத்தையோ விற்றுவிட்டு வா என்று அவரிடம் சொல்லக் கூடாது என்பதே ஷாபிஈ மத்ஹபின் சட்டம். மரமெல்லாம் விழுந்த தோப்பு பத்திரத்தில் சொத்து. அடுப்படியில் அது வெறும் மண்.

இதற்கு ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான ஹதீஸ் ஒன்றும் துணை நிற்கிறது. கபீஸா இப்னு முகாரிக் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள், கேட்டு வாங்குவது மூவருக்கு ஆகும் என்று எடுத்துரைத்தார்கள். பிறருக்காகப் பொறுப்பேற்றுக் கடன்பட்டவர் ஒருவர். வறுமை வந்துற்றதை அவருடைய சமூகத்தாரில் விவரமறிந்த மூவர் உறுதிசெய்யும் நிலையில் உள்ளவர் ஒருவர். பேரிடர் வந்து தம் பொருளை அழித்துவிட்டவர் ஒருவர். இந்த மூன்றாமவர், வாழ்க்கை மீண்டும் நிலைபெறும் அளவுக்குக் கேட்டுப் பெறலாம். புயலில் தோப்பை இழந்தவருக்கும், கடல்நீர் ஏறிய வயலின் சொந்தக்காரருக்கும் இதைவிடத் தெளிவான சொல் வேறென்ன வேண்டும்? நேற்று கொடுத்தவர் இன்று பெறுவதில் இழிவு ஏதும் இல்லை. கொடுப்பவரும் பெறுபவரும் நிரந்தரமான இரு சாதியார் அல்லர்; ஓர் இரவு போதும், இடம் மாறிவிட.

எவ்வளவு கொடுப்பது?

நிவாரணம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஐந்து கிலோ அரிசிப் பையும் ஒரு போர்வையும். முதல் பத்து நாள்களுக்கு அவை உயிர் காப்பவை, ஐயமில்லை. ஆனால் ஜகாத்தின் நோக்கம் அதோடு நின்றுவிடுவதா?

நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் மின்ஹாஜ் என்னும் கிதாபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ஏழைக்கு ஓராண்டுக்குப் போதுமான அளவு கொடுக்கப்படும் என்ற கருத்தை முதலில் எடுத்துக்கூறிவிட்டு, பின்னர்ச் சாதாரணமாக ஒருவர் வாழக்கூடிய ஆயுட்காலத்துக்குப் போதுமானதைக் கொடுப்பதே மிகச் சரியான கருத்து என்று தீர்ப்பளிக்கிறார்கள். அவ்வளவு பணத்தையும் கையில் எண்ணிக் கொடுப்பது என்பது இதன் பொருளன்று. வருமானம் தரும் ஒரு சொத்தை வாங்கித் தருவதே வழி. கைத்தொழில் தெரிந்தவருக்கு அத்தொழிலின் கருவி. வியாபாரம் தெரிந்தவருக்கு அதற்கான முதல். இவ்வாறே நம் பகுதியில் வலைக்காரருக்கு வலை, தையற்காரருக்குத் தையல் இயந்திரம், தோப்புக்காரருக்குத் தென்னங்கன்று.

கஜாவுக்குப் பின் தமிழக அரசு, விழுந்த தென்னை ஒன்றுக்கு இழப்பீடாக 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும், ஆக 1,100 ரூபாய் அறிவித்தது. ஆனால் நாட்டுத் தென்னை காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளை அக்குடும்பம் எதைக் கொண்டு கடக்கும்? அரிசிப் பையால் கடக்க முடியாது. கன்றும், கன்று காய்க்கும் வரையில் ஊடுபயிருக்கான செலவும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் சேர்ந்தால்தான் அது நிவாரணம்.

எப்பொழுது கொடுப்பது?

கஜா வந்தது ரபீஉல் அவ்வல் மாதத்தில். அடுத்த ரமளானுக்கு ஏறத்தாழ ஆறு மாதங்கள் இருந்தன. நம் வீடுகளிலோ ஜகாத் என்றாலே ரமளான்தான். உதவி வேண்டிய மாதத்தில் பலருடைய ஜகாத் வங்கியில் உறங்கிக் கொண்டிருந்தது.

இங்கே இரண்டு செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். ஒன்று: ஜகாத் கடமையாவது ரமளானில் அன்று, பணம், நகை, வணிகப் பொருள் ஆகியவை நிஸாபை அடைந்து, ஒரு சந்திர ஆண்டு நிறைவடையும் நாளில். ஒருவருக்கு அந்த நாள் ரஜபில் வரலாம்; மற்றொருவருக்கு முஹர்ரமில் வரலாம். நாள் வந்து, பெறத் தகுதியானவரும் கண்முன் இருக்கையில், ரமளானின் சிறப்பை எண்ணி மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது கூடாது.

இரண்டு: நாள் வரும் முன்பே கொடுப்பது கூடும். அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் ஜகாத்தை உரிய காலத்திற்கு முன்னரே கொடுக்க அனுமதி கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அனுமதியளித்ததாக அலீ (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் ஹதீஸ் வந்துள்ளது. நிஸாப் கையில் இருப்பவர், நடப்பு ஆண்டின் ஜகாத்தை முற்படுத்திக் கொடுக்கலாம்; கொடுக்கும்போது ஜகாத் என்று நிய்யத்து வைக்க வேண்டும். எனவே, "ரமளான் வரட்டும், பார்ப்போம்" என்னும் பேச்சுக்கு மார்க்கத்தில் ஆதாரமில்லை. புயல் ரமளானுக்காகக் காத்திருக்காது, பசியும் காத்திருக்காது.

ஜகாத் முடிந்தால் கடமை முடிந்ததா?

சிலர் சொல்வார்கள்: "தென்னைக்கு ஷாபிஈ மத்ஹபில் ஜகாத் இல்லையே, நாம் கொடுக்க வேண்டியது என்ன இருக்கிறது?" உண்மைதான். விளைபொருள்களில் பேரீச்சை, திராட்சை, சேமித்து வைத்து உணவாகக் கொள்ளும் நெல் போன்ற தானியங்கள் ஆகியவற்றிலேயே நம் மத்ஹபில் ஜகாத் உண்டு. (இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் கருத்தில் தேங்காய்க்கும் உண்டு.) ஆனால் ஜகாத் இல்லை என்பதால் கடமையே இல்லை என்றாகிவிடாது.

அதே மின்ஹாஜில் பர்ளு கிபாயா எனும் சமுதாயக் கடமைகளை எண்ணும் இடத்தில், ஆடையற்றவருக்கு ஆடையும், பசித்தவருக்கு உணவும் தந்து துன்பம் நீக்குவது ஒன்றாகச் சொல்லப்படுகிறது. ஜகாத்தும் பைத்துல்மாலும் அதற்குப் போதாதபோது அது வசதியுள்ளோர் அனைவர் மீதும் கடமையாகிறது. ஒருவரும் செய்யாவிடில் ஊரிலுள்ள வசதியானவர் அனைவரும் குற்றவாளிகளாகின்றனர். விரிவுரை எழுதிய இமாம்கள், இக்கடமை முஸ்லிம்களோடு நின்றுவிடாது, நம்மோடு சமாதானமாக வாழும் பிற சமயத்தாருக்கும் உரியது என்று விளக்கியுள்ளார்கள்.

எனவே நிவாரணப் பணியில் இரண்டு பைகள் வேண்டும். ஒன்று ஜகாத் பை. இது எட்டு வகையினருள் அடங்கும் முஸ்லிம்களுக்குரியது. பள்ளிவாசலின் கூரையைப் பழுதுபார்க்கவோ, பாலம் போடவோ இதைத் தொடக்கூடாது. மற்றொன்று ஸதகா பை. இதற்கு இந்த வரம்புகள் இல்லை. கடற்கரைக் குப்பத்து மீனவருக்கும், வயல் வேலை செய்யும் கூலித் தொழிலாளிக்கும் மதம் பாராமல் இதிலிருந்து அள்ளிக் கொடுக்கலாம். அல்லாஹ்விடத்தில் நற்கூலி உண்டு.

இதை நாம் பட்டுத்தான் அறிந்தோம். கஜாவின்போது நாம் சேர்ந்திருந்த ஒரு நிவாரணக் குழு அவசரத்தில் ஒரே உண்டியல் வைத்துவிட்டது. ஜகாத்தும் ஸதகாவும் கலந்தன; உதவி பெற வந்தவர்களோ எல்லாச் சமயத்தாரும். வந்தவரைத் திருப்பியனுப்ப முடியுமா? அனைவருக்கும் கொடுத்தோம். பின்னர் கணக்குப் பார்த்து, ஜகாத் தொகை எவ்வளவென்று கொடுத்தவர்களிடமே வீடு வீடாகச் சென்று கேட்டு, குறைந்ததைக் குழுவினர் தம் கைப்பொருளிலிருந்து ஈடுசெய்ய நேர்ந்தது. இரண்டு உண்டியல் வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றபோது, ஜமாஅத் இளைஞர்கள் யாருடைய உடல் என்று கேளாமல் தூக்கினார்கள். 2015ஆம் ஆண்டு சென்னை வெள்ளத்தில் பள்ளிவாசல்கள் எல்லாச் சமயத்தாருக்கும் கதவு திறந்தன. இவை புதுமையல்ல; கிதாபில் உள்ள பர்ளு கிபாயா களத்தில் இறங்கிய காட்சிகள்.

வெளியூருக்கு அனுப்பலாமா?

தம் ஊரில் தகுதியானவர் இருக்கும்போது ஜகாத்தை வெளியூருக்கு அனுப்பக் கூடாது என்பது ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. ஹனபி மத்ஹபில், உறவினருக்கோ அதிகத் தேவையுடையவருக்கோ அனுப்புவது வெறுக்கத்தக்கதன்று. யமன் நாட்டு ஷாபிஈ அறிஞரான இப்னு உஜைல் (ரஹ்) அவர்களோ, ஜகாத்தில் மூன்று மஸ்அலாக்களில் மத்ஹபின் வலுவான கருத்துப்படி பத்வா கொடுக்கப்படுவதில்லை என்று கூறி, வெளியூருக்கு அனுப்புவதையும் அவற்றில் ஒன்றாக எண்ணினார்கள். ஆகவே வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உழைக்கும் நம் சகோதரர்கள் துயருற்ற ஊருக்கு அனுப்புவதற்கு வழி இருக்கிறது. தம் ஊர் ஆலிமைக் கலந்து செய்வது சிறப்பு. ஸதகாவுக்கோ எல்லைக்கோடே இல்லை.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் ஹிஜாஸைக் கடும் பஞ்சம் வாட்டியது. சாம்பல் ஆண்டு என்று அதைச் சரித்திரம் அழைக்கிறது. கலீபா அவர்கள் மிஸ்ருக்கும் ஷாமுக்கும் கடிதம் விடுத்தார்கள். அபூஉபைதா (ரலி) அவர்கள் நாலாயிரம் ஒட்டகச் சுமை உணவுடன் வந்து சேர்ந்ததாகத் தபரீ எழுதுகிறார். மக்களின் பஞ்சம் தீரும்வரை கலீபா நெய்யைத் தொடவில்லை. பஞ்சம் பாதித்தவர்களிடம் அவ்வாண்டு ஜகாத் வசூலிப்பதையும் தள்ளிவைத்தார்கள். உதவியை வெளியிலிருந்து வரவழைப்பதும், துயருற்றவர் மீது சுமையை இறக்குவதும் ஒரே நேரத்தில் நடந்தன.

அந்த வழியில்தான் இன்றும் நிறுவனங்கள் இயங்குகின்றன. ஆப்பிரிக்கப் பஞ்சத்தைக் கண்டு மனம் கசிந்து, எகிப்தில் பிறந்த மருத்துவர் ஹானி அல்பன்னா 1984இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இஸ்லாமிக் ரிலீப் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆண்டுதோறும் ரமளான் உணவும் குர்பானி இறைச்சியும் பல நாடுகளின் துயருற்ற மக்களிடம் அதன் மூலம் சேர்கின்றன. திட்டமிட்ட ஆண்டுக் கணக்கே அத்தகைய பணிகளின் முதுகெலும்பு. நம் ஜமாஅத்துக்கும் அது பொருந்தும்.

நம் வீட்டுக் கணக்கு

இன்றே ஒரு குறிப்பேட்டை எடுங்கள். உம்மாமார்களே, இதை நீங்கள் தொடங்கினால்தான் வீட்டில் நிலைக்கும். உங்கள் நகைக்கும் பணத்துக்கும் ஜகாத் நாள் எது என்று ஹிஜ்ரிக் கணக்கில் எழுதுங்கள். மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஸதகாவென்று தனியே எடுத்து வையுங்கள். அது ஆபத்துக் காலத்தின் முதல் அரிசி. தெருவில் கேட்கக் கூச்சப்படும் குடும்பம் எது என்று அறிந்து வைத்து, கொடுக்கும்போது படம் எடுக்காமல் கொடுங்கள்.

நம் தோப்புக்காரரிடம் மறுநாளே சென்று, மஸ்அலாவுக்கு விடை சொன்னோம். "கேட்டது உங்களுக்காக இல்லை என்பது தெரியும், காக்கா. அந்த ஆளிடம் சொல்லுங்கள்: ஆகும்" என்றோம். சற்று நேரம் பேசாமலிருந்தவர், "கன்று குடுத்தாப் போதும், ஆலிம்ஸா. அரிசி வேறெ வீட்டுக்குப் போகட்டும்" என்றார். அன்று நட்ட கன்றுகள் இன்று காய்க்கின்றன.

கொடுக்கும் கையையும் பெறும் கையையும் கண்ணியமாக வைத்திருக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்பீக் செய்வானாக! ஆமீன்.