தலை எண்ணுகிற வேலைக்கும் படிப்பு உண்டு

புள்ளியியலோ பொருளியலோ சமூகவியலோ முடித்துவிட்டு, வங்கித் தேர்வுக்கும் மனமில்லை, ஐ.டி.க்கும் மனமில்லை என்று நிற்பவர்கள் மக்கள்தொகையியலை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு: பாடம் மொத்தமும் இந்த மூன்றுக்குள் அடக்கம். ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் தமிழ்நாட்டில் 1.8, இந்தியாவில் 2.0 என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொன்னது. தொகுதி மறுவரையறைப் பேச்சு வந்தாலே இந்த மாதிரி எண்களை மேடையில் முழங்க ஆள் இருக்கிறது. அவை எப்படி வந்தன என்று விளக்கத்தான் ஆள் குறைவு. உங்களுக்கான இடம் அது.

எங்கே படிப்பது? முதல் பெயர் மும்பை தேவ்நாரில் உள்ள ஐ.ஐ.பி.எஸ். 1956இல் இந்திய அரசு, ஐ.நா., டாடா அறக்கட்டளை மூன்றும் சேர்ந்து தொடங்கியது. பின்னர் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. குடும்ப நல ஆய்வை நடத்துவதும் முதியோர் பற்றிய 'லாசி' ஆய்வை நடத்துவதும் இதே நிறுவனம்தான். ஆய்வு நடக்கும் இடத்திலேயே படிப்பது பெரிய லாபம். திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்துக்குத் தனி மக்கள்தொகையியல் துறை இருக்கிறது. இடப்பெயர்வில் ஆர்வம் உள்ளவர்கள் அதே ஊரில் உள்ள சி.டி.எஸ். நிறுவனத்தைக் கவனியுங்கள், கேரளத்திலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்களின் கணக்கை 1998 முதல் எடுத்துவந்த இடம் அது. நாட்டில் உள்ள 18 மக்கள்தொகை ஆய்வு மையங்களில் ஒன்று திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் இருக்கிறது. வெளிநாடு என்றால் பிரின்ஸ்டன், ஜெர்மனியின் ராஸ்டாக்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் என்று பட்டியல் நீளும். அதை முனைவர் பட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கட்டிடத்தையும் தரவரிசையையும் பார்த்துத் துறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே படிக்கும் சீனியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: களத்துக்கு எத்தனை நாள் அனுப்புகிறார்கள்? ஆய்வேட்டுக்கு மூலத் தரவைக் கையாள விடுகிறார்களா, ஏற்கெனவே அச்சான அட்டவணையை வைத்தே ஒப்பேற்றச் சொல்கிறார்களா? இரண்டாவது ரகம் என்றால் வேறு இடம் பார்ப்பதே நல்லது.

களம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று ஓர் அம்மாவிடம் கேட்டால் மூன்று என்பார். பிறந்து இரண்டாம் நாளே போன குழந்தையை அந்த மூன்றில் சேர்த்திருக்க மாட்டார். கல்யாணமாகிப் போன மகளும் சில சமயம் விட்டுப்போவாள். அதனால்தான் குடும்ப நல ஆய்வின் கேள்வித்தாள் இதை உடைத்து உடைத்துக் கேட்கிறது. கூட இருக்கும் மகன்கள் எத்தனை பேர், மகள்கள் எத்தனை பேர்? வேறிடத்தில் இருப்பவர்கள்? உயிரோடு பிறந்து பிறகு இறந்த குழந்தை உண்டா? இல்லை என்று பதில் வந்தாலும், பிறந்ததும் அழுது சில மணி நேரம் மட்டும் இருந்த குழந்தை ஏதும் உண்டா என்று இன்னொரு தடவை விசாரிக்கச் சொல்லியிருக்கும். அந்தக் கடைசிக் கேள்வியை மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்பதும் தனியாகக் கேட்பதும் ஒன்றல்ல. அதை அவசரமாகத் தாண்டிவிட்டால் மாநிலத்தின் சிசு இறப்பு விகிதமே குறைந்து தெரியும். ஏ.சி. அறையில் அதைச் சரிசெய்ய வழியில்லை.

வயதுக்கும் இதே பாடுதான். பாட்டியிடம் கேட்டால் "அறுபது இருக்கும்" என்பார். தனுஷ்கோடிப் புயலின்போது பள்ளிக்குப் போனீர்களா, எம்.ஜி.ஆர். இறந்தபோது கடைசிப் பிள்ளை பிறந்துவிட்டதா என்று உள்ளூர் நிகழ்ச்சிகளை வைத்து வயதைப் பிடிப்பதும் பயிற்சியில் சொல்லித்தருவதுதான்.

மென்பொருளைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஸ்டேட்டா கேட்பார்கள், ஆர் இலவசம், இரண்டில் ஒன்று போதும். கணக்கில் மடக்கையும் நிகழ்தகவும் பயமில்லாமல் வந்தால் வாழ்நாள் அட்டவணை போடப் பழகிவிடலாம். பலர் சறுக்குவது எடையிடுதலில். குடும்ப நல ஆய்வு 2019-21இல் 6,36,699 வீடுகளுக்குப் போனது. சிறு மாநிலங்களுக்கும் மதிப்பீடு வேண்டும் என்பதால் அங்கே மக்கள்தொகை விகிதத்தை மீறி வீடுகள் எடுத்திருப்பார்கள். எனவே ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் எடை உண்டு. மகளிர் கோப்பில் அது வி005 என்ற பத்தியில் இருக்கிறது. 10 லட்சத்தால் வகுத்துப் பயன்படுத்த வேண்டும். நேர்முகத் தேர்வில் இதைக் கேட்டால் முழிப்பவர்கள் உண்டு. முதுகலை முடித்துவிட்டுத்தான்!

வேலை விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் வேலை பெரும்பாலும் ப்ராஜெக்ட் வேலைதான்: கள மேற்பார்வையாளர், ஆராய்ச்சி உதவியாளர், ஒப்பந்தம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். கணக்கெடுப்பு ஏஜென்சிகள், தொண்டு நிறுவனங்கள், சுகாதாரத் துறைத் திட்டங்கள், ஐ.நா. அமைப்புகள் என்று ஆட்களை எடுக்கிறார்கள். மாதச் சம்பளம் உறுதியாக வேண்டும் என்பவர்கள் இரண்டு கதவுகளைத் திறந்து வைத்திருக்க வேண்டும். யு.ஜி.சி. நெட் தேர்வில் மக்கள்தொகைப் படிப்பு தனிப் பாடமாகவே இருக்கிறது. இளநிலையில் புள்ளியியல் படித்தவர்கள் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை எழுதலாம்; அதன் பாடத்திட்டத்திலும் மக்கள்தொகையியல் வருகிறது. இந்தி ஓரளவு பேசத் தெரிந்தால் வடக்கே களப்பணி கிடைப்பது சுலபம். பிடிவாதத்தால் அதை இழக்க வேண்டாம் என்பது என் கட்சி.

சேர்க்கைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன என்றால் சும்மா இருக்காதீர்கள். 2011 கணக்கெடுப்பின் சி-13 அட்டவணை இணையத்தில் இலவசம். ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் என்று தனித்தனியாகக் கொடுத்திருக்கும். உங்கள் மாவட்டத்தை எடுத்து எக்செல்லில் பட்டை வரைபடம் போடுங்கள். 30, 35, 40 என்ற வயதுகளில் பட்டைகள் துருத்திக்கொண்டு நிற்கின்றனவா என்று பாருங்கள். பிறகு 23 முதல் 62 வரை உள்ளவர்களில் 0, 5 என்று முடியும் வயதினரைக் கூட்டி, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கால் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். இது விப்பிள் குறியீடு. 100 வந்தால் வயது சரியாகச் சொல்லப்பட்டிருக்கிறது; 500 வந்தால் எல்லோரும் உத்தேசமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகப் போட்டு, வித்தியாசம் இருந்தால் காரணத்தை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்புங்கள்.