உப்புநீர்த் தொட்டியிற் பாசியும் உயிர்ப்பாறையும்

கடல்வாழ் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கப் புகுவோர்க்கு முதன்முதல் மனச்சோர்வு விளைப்பது பாசியேயாகும். தெளிந்த நீரும் வெண்மணலும் அழகிய பாறையுமாய் அமைத்த தொட்டி, சில வாரங்களிற் பழுப்பும் பின்னர்ப் பசுமையும் போர்த்துக் காண்கின்றது. உடனே பாறை கெட்டதெனக் கருதி, அதனை வெளியே எடுத்து நன்னீரில் தேய்த்துக் கழுவுவோர் பலர். இச்செயலால் விளையும் கேடு யாதென்பதையும், பாசி நமக்கு உணர்த்துவது யாதென்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

வணிகர் 'லைவ் ராக்' என வழங்கும் உயிர்ப்பாறை, மாண்ட பவளங்களின் சுண்ணாம்புக் கூடுகள் கடலடியிற் கிடந்து இறுகிய கல்லாகும். கல்லுக்கு உயிரில்லையாயினும், அதன் எண்ணிறந்த துளைகளில் நுண்ணுயிர்களும் புழுக்களும் கடற்பஞ்சுகளும் குடிகொண்டிருத்தலின் அப்பெயர் பெற்றது. ஜகார்த்தா நகரினராகிய லீ சின் எங் என்பார், இத்தகைய பாறைகளைத் துணையாகக் கொண்டு கடலுயிர்களைப் பேணும் முறையை 1961-ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார்.

இப்பாறை செய்யும் தொழில் வியக்கத்தக்கது. மீன்களின் கழிவினின்றும், எஞ்சிய இரை அழுகுவதனின்றும் அம்மோனியா தோன்றும். அது மீன்களுக்குக் கொடிய நஞ்சு. பாறையின் புறத்தே பிராணவாயு பெற்று வாழும் நுண்ணுயிர்களுள் ஒருசாரன அதனை நைட்ரைட்டாகவும், மற்றொருசாரன நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். பிராணவாயு அரிதாகிய உட்டுளைகளில் வாழ்வன, நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றிற் கலக்கச் செய்யும். நன்னீரிற் கழுவுங்கால் மடிவன இவ்வுயிர்களே.

கடலினின்று வரும் வழியிற் பாறைவாழ் உயிர்கள் பல இறந்துபடும். அவை அழுகுதலால் அம்மோனியா மிகும். நுண்ணுயிர்கள் பெருகி அதனை மாற்றவல்லனவாதற்குப் பெரும்பாலும் 4 முதல் 8 வாரங்கள் செல்லும். அதற்குமுன் மீனை விடுதல் கொலையோடு ஒக்கும்.

பாசி வரிசையாய்த் தோன்றுவதும் இந்நாட்களிலேயாம். முதலில் வருவது பழுப்புப் பொடி போன்ற டையாட்டம். இது நீரிலுள்ள சிலிக்காவைக் கொண்டு தன் கூட்டை அமைப்பது. சிலிக்கா குறையத் தானே குறையும். அடுத்து வருவது மயிர்போல் நீளும் பச்சைப்பாசி. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இதற்கு உணவு. கருஞ்சிவப்பு வழும்பாய்ப் படரும் சயனோபாக்டீரியா, பாசிபோல் தோன்றினும் பாக்டீரியா இனத்ததே. இவையெல்லாம் அடங்கிவரும் காலத்து, ஊதாப் பூச்சுப்போற் பாறையை இறுகப் பற்றும் சுண்ணாம்புப்பாசி பரவும். பாறை நலமுற்றதற்கு இது நல்ல அடையாளம்.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. பச்சைப்பாசி செழித்த தொட்டியின் நீரைச் சோதிப்பின் நைட்ரேட் மிகக் குறைவாகவே காணப்படுதல் உண்டு. அதுகொண்டு நீர் தூயதென மகிழற்க. நைட்ரேட்டைப் பாசி உண்டு தன் உடலில் வைத்திருக்கின்றது. அப்பாசி தொட்டியிலேயே அழுகின், உண்டதெல்லாம் மீண்டும் நீரிற் சேரும். ஆதலின் அதனைக் கையாற் பறித்து வெளியே எறிதல் வேண்டும்.

இனிச் செய்யத்தக்கன சில. குழாய்நீரிற் சிலிக்காவும் பாஸ்பேட்டும் இருத்தல் கூடுமாதலின், நன்கு சுத்திகரித்த நீரிலே உப்பைக் கலக்க. விளக்கை நாளொன்றுக்கு 8 மணி அளவில் நிறுத்துக. பாறையைச் சுற்றி நீரோட்டம் நிகழச் செய்க. அழுகல் நாற்றமும் வெண்படலமும் உள்ள இடத்தை மட்டும் உப்புநீரிலேயே துலக்குக. அம்மோனியாவும் நைட்ரைட்டும் அற்றன எனச் சோதனையிற் கண்டபின், பாசி மேயும் நத்தைகள் சிலவற்றை விடுக.

பாறை பெறும் வழியும் நேரியதாதல் வேண்டும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்து முதல் அட்டவணையில் கற்பவளங்கள் 2001-ஆம் ஆண்டிற் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவிற் பவளம் பெயர்த்தல் குற்றமாகும். உலர்ந்த செயற்கைப் பாறையிலும் நுண்ணுயிர்கள் குடியேறும். காலம் சிறிது மிகுதியாய் வேண்டும், அவ்வளவே.

கடல் நெடுங்காலத்திற் செய்ததை நாம் சில வாரங்களில் எதிர்பார்க்கின்றோம். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி தொட்டி வளர்ப்போர்க்கும் பொருந்தும். பாசியைக் கண்டு வெகுளாது, அது காட்டும் குறையை அறிந்து நீக்குவோர் தொட்டியிலே சுண்ணாம்புப்பாசியின் ஊதா நிறம் ஒருநாள் தானே மலரும்.